ஒரே இடத்தில் மூன்று முறை வெடித்த பைப்: பழைய ஹைலக்ஸுக்கு சைலன்சர் தொகுதியை முழுதாக மாற்றுவது

கேள்வி இதுதான். இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் மரக்கறி ஏற்றி ஓடும் ஹைலக்ஸ் எல்என் 106 டபள் கெப், 3எல் என்ற 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். முன் பைப்பில் ஃபிளேஞ்சுக்கு (நட் போட்டுப் பூட்டும் தட்டை முகம்) ஒரு சாண் பின்னால் வெடித்து, மூன்று தடவை வெல்டிங் வைத்தாகிவிட்டது. நாலு மாதம் தாங்கும், பிறகு அதே இடத்தில் விட்டுவிடும். சைலன்சரின் அடிப்பக்கமும் அரித்துவிட்டது. ஏற்றத்தில் கண்ணாடியை இறக்கினால் புகை வாடை. ஒரு பாஸ் (மெக்கானிக்) எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் இன்னும் ஒருமுறை ஒட்டிப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, வீட்டில் வைத்தே செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றத்தான் வேண்டும். ஆனால் மாற்றினால் மட்டும் போதாது. ஒரே இடத்தில் மூன்று முறை வெடித்தால் கோளாறு அந்த இடத்தில் இல்லை என்று அர்த்தம். காரணத்தை விட்டுவிட்டு புதுப் பைப் போட்டால் நாலு மாதத்துக்குப் பதில் ஒரு வருடம் ஓடும், அவ்வளவுதான்.

முதலில் வண்டிக்கு அடியில் படுத்து அந்த வெடிப்பை நன்றாகப் பாருங்கள். டோர்ச் வெளிச்சத்தில் கம்பித் தூரிகையால் கரியைத் தட்டிவிட்டால் அது எங்கே தொடங்கியது என்று தெரியும். பைப்பின் மேல்பக்கத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் அரைவட்டமாக இறங்கியிருந்தால், பின்னால் தாங்க வேண்டியது எதுவோ தாங்கவில்லை, பைப் தன் பாரத்தில் கீழே தொங்குகிறது, மேல்பக்கம் இழுபட்டுக் கிழிகிறது. அடிப்பக்கத்தில் ஓரமெல்லாம் தாளைப்போல மெலிந்து பொத்தலாக இருந்தால் அது உள்ளே தேங்கிய தண்ணீர் செய்த வேலை. உங்கள் வண்டியில் இரண்டும் இருக்கிறது: முன்னால் தொங்கல், பின்னால் தண்ணீர். ஒட்டிய இடத்தைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். வெல்டிங் கோட்டில் வெடிக்காது, அதன் விளிம்பை ஒட்டித்தான் வெடிக்கும். சூட்டில் பழுத்த அந்த விளிம்பு பக்கத்து இரும்பைவிட எளிதில் முறிகிற குணத்துக்கு வந்துவிடும். ஆகவே நாலாவது தடவை ஒட்டினால் வெடிப்பு இன்னும் அரை அங்குலம் தள்ளிப் போகும்.

தொங்கலுக்குக் காரணம் என்ன? பைப்பின் ஒரு முனை எஞ்சினோடு பூட்டியிருக்கிறது, மறுமுனை செஸியில் (வண்டியின் அடிச்சட்டம்) ரப்பரில் தொங்குகிறது. எஞ்சின் தன் மவுண்டிங்கில் ஆடும், செஸி தன்பாட்டில் முறுக்கும். இரண்டுக்கும் நடுவில் விட்டுக்கொடுக்க வேண்டியது ரப்பர்தான். அது விட்டுக்கொடுக்காவிட்டால் பைப் விட்டுக்கொடுக்கும். இந்த வகை ஹைலக்ஸ்களில் பெரும்பாலும் முன் பைப்பை கியர் பொக்ஸ் பக்கமாகப் பிடித்து வைக்க ஒரு சின்ன பிராக்கெட் இருக்கும். கிளச் பிளேட் மாற்ற கியர் பொக்ஸை இறக்கும்போது அதைக் கழற்றுவார்கள். திரும்பப் பூட்டும்போது அது கராஜ் மூலையில் கிடக்கும். எத்தனையோ பழைய கெப்களில் அந்த பிராக்கெட் இருந்த இடத்தில் இரண்டு வெறும் துளைகள்தான் இருக்கின்றன. உங்கள் வண்டியிலும் முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் பாவித்த சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் 4 மி.மீ. பட்டை இரும்பில் செய்து போடலாம். இரண்டாவது, எஞ்சின் மவுண்டிங். பொனட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் கியரில் கிளச்சை மெதுவாகப் பாதி விட, மற்றவர் பக்கவாட்டில் நின்று எஞ்சினைப் பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நிற்கக் கூடாது. எஞ்சின் ஒரு பக்கம் துள்ளி எழும்பினால் மவுண்டிங் ரப்பர் கிழிந்துவிட்டது. அதை மாற்றாமல் பைப்பில் கை வைக்க வேண்டாம்.

மூன்றாவது காரணம் கட்டுக்கம்பி. சைலன்சர் ரப்பர் அறுந்தால் நம்மவர்கள் உடனே கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். சாமானோடு நடுவழியில் நிற்கும்போது அதில் தப்பில்லை. அதையே நிரந்தரமாக்குவதுதான் தப்பு. இரும்பு சூட்டில் நீளும். மூன்று மீற்றர் பைப் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1 செ.மீ. நீளம் கூடும். ரப்பர் அந்த ஒரு சென்ரிமீற்றரைச் சாய்ந்து கொடுத்து வாங்கிக்கொள்ளும். கம்பி வாங்காது. தள்ளுகிற தள்ளு முழுவதும் முன் ஃபிளேஞ்சுக்குப் போய்ச் சேரும். ரப்பர் கிடைக்காத இடத்தில், சூட்டுக்குத் தள்ளி, பழைய கொன்வேயர் பெல்ட்டில் வெட்டிய பட்டையை இரண்டு பக்கமும் அகல வொஷர் வைத்துப் பூட்டினால் கம்பியைவிட எவ்வளவோ மேல்.

இனி தண்ணீர். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது, ஆவியாக. பைப் நன்றாகச் சூடானால் அவ்வளவும் வெளியே போய்விடும். விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்து, லயத்தடியில் (தோட்டக் குடியிருப்பு) இருந்து கடைத்தெருவுக்கு இரண்டு கிலோமீற்றர் போய் நிறுத்தினால் சைலன்சரின் பின்பகுதி சூடே ஆகாது. ஆவி அங்கேயே பனித்துத் தண்ணீராகும். சாதாரண ஓட்டோ டீசலில் உள்ள கந்தகம் அதோடு கலந்து அமிலமாகும். தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிகளின் சைலன்சர் நீண்டதூரம் ஓடும் வண்டியைவிடச் சீக்கிரம் போவதற்கு இதுதான் காரணம். மழையும் சேறும் வெளியே இருந்து அரிப்பதைவிட இது உள்ளே இருந்து அரிப்பதுதான் அதிகம். ஆகவே வெளிப்பக்கம் பெயின்ட் பளபளக்கிற சைலன்சரை நம்பிவிட வேண்டாம். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அடியில் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் ‘டங்’ என்று திருப்பிச் சொல்லும், அரித்த இடம் ‘பொத்’ என்று நின்றுவிடும். தட்டும்போது உள்ளே கலகலவென்று உருண்டால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. அது ஏதாவது ஒரு பக்கம் போய் அடைத்தால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது, டீசல் பம்பைச் சந்தேகப்பட்டுப் பணம் செலவழிப்பீர்கள்.

சிறு கசிவுகளைப் பிடிக்க வேண்டிய நேரம் காலையில் முதல் ஸ்டார்ட். பைப் ஆறியிருக்கும் அந்த முதல் நிமிடத்தில் மூட்டுகளுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோனால் காற்று அடிப்பது தெரியும். இன்னொருவர் தடித்த ஈரத்துணியால் பின்முனையைச் சில விநாடி மட்டும் அமுக்கிப் பிடித்தால் ‘உஸ்’ என்று கசிகிற இடம் காட்டிக்கொடுக்கும். டீசல் வண்டியில் கசிந்த இடத்தைச் சுற்றிக் கரிப்பூச்சும் இருக்கும். இதையெல்லாம் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

புகை வாடையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டீசல் புகையில் காபன் மொனொக்சைட் பெற்றோலைவிடக் குறைவுதான், ஆனாலும் மூடிய கெபினில் தலைவலியும் தூக்கக் கலக்கமும் வரப் போதும். றம்பொடை இறக்கத்தில் அது தேவையில்லாத ஆபத்து. இன்னொன்று: பின்முனை அரித்து விழுந்த பிறகு அப்படியே விட்ட வண்டிகளில் புகை பின்தட்டுக்கு அடியிலேயே வெளியேறும். மழைக்குப் படங்கு கட்டி ஆட்களை ஏற்றினால் அவ்வளவு புகையும் படங்குக்குள்தான் ஏறும். பின்முனை கட்டாயம் பின்தட்டின் விளிம்புக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும்.

எவ்வளவை மாற்றுவது என்பதற்கு என் அளவுகோல்: மெனிபோல்ட்டில் (எஞ்சினின் புகை வந்து சேரும் வார்ப்பிரும்புக் குழாய்) பூட்டும் ஃபிளேஞ்ச் தடிப்பாகவும் தட்டையாகவும் இருந்தால் அதை வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால் உள்ள பைப்பை முழுதாக மாற்றலாம். உங்கள் வண்டியில் மூன்று முறை சுட்ட பைப்பில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. ஆக முன் பைப், நடுப் பைப், சைலன்சர், பின் பைப் நாலும் போகட்டும். 3எல் டீசலில் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டர், ஒக்சிஜன் சென்சர் எதுவும் இல்லை, அது ஒரு நிம்மதி. பெற்றோல் கெப் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

சாமான் வாங்க மூன்று வழி. புது ‘அளவுச் சாமான்’ (அந்த வண்டிக்கென்றே செய்தது) வாங்கினால் வளைவுகள் அச்சாக வரும், தகடு மெல்லியதாக இருக்கும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானில் இருந்து வந்த பாவித்த சைலன்சர் கிடைக்கும். எடுக்கும்போது குலுக்கிப் பாருங்கள், தண்ணீர் சலசலத்தால் வைத்துவிடுங்கள். அடி மடிப்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மூன்றாவது, உள்ளூரில் செய்விப்பது. மலைநாட்டுச் சாலைக்கு என் தெரிவு இதுதான்: நல்ல பாவித்த சைலன்சர், பைப் மட்டும் புதிது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்தால் இன்னும் நீண்டநாள் நிற்கும். ஆனால் அதைச் சாதாரண இரும்பு ஃபிளேஞ்சோடு ஒட்ட 309 வகைக் கூறுதான் (வெல்டிங் குச்சி) பாவிக்க வேண்டும். சாதாரணக் கூறில் ஒட்டித் தருகிறேன் என்றால் அந்த மூட்டு முதலில் போகும்.

பைப்பின் அளவைக் கண்ணால் மட்டுக்கட்ட வேண்டாம். வேர்னியர் இல்லாவிட்டால் ஒரு நூலைச் சுற்றி அளந்தால் போதும். வெளிச்சுற்று 16 செ.மீ. என்றால் 2 அங்குலம், 18 என்றால் 2¼, 20 என்றால் 2½. உங்கள் 2.8 லீற்றர், டர்போ இல்லாத எஞ்சினுக்கு 2 அங்குலம் போதும். அதைவிடக் குறைக்கக் கூடாது. பெரிதாக்கினால் இழுவை கூடும் என்று சொல்வார்கள். இந்த எஞ்சினில் சத்தம்தான் கூடும். தகடு 1.5 மி.மீ.க்குக் குறையாமல் கேளுங்கள். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப்பை வெட்டிப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பாரம் அதிகம், அந்தப் பாரமே தொங்கலைக் கூட்டும். அதன் நாகப் (துத்தநாகப்) பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகும், அதைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல்போல அடித்துப்போடும்.

பைப் தவிர வாங்கி வைக்க வேண்டியவை: மெனிபோல்ட் ஃபிளேஞ்சுக்கு ஒரு கெஸ்கட் (மூட்டு கசியாமல் இடையில் வைப்பது), பின்னால் உள்ள ஃபிளேஞ்சுகளுக்கு ஒவ்வொன்று, சைலன்சர் ரப்பர் இருக்கிற அத்தனையும் புதிதாக, அதோடு ஒன்று உபரி. 10 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத போல்ட்) மூன்று, நட் ஆறு. இங்கேதான் பலர் ஏமாறுவது. ஜப்பான் வண்டியின் 10 மி.மீ. ஸ்டட்டில் புரி (மரை) பெரும்பாலும் 1.25, நட்டுக்கு 14 ஸ்பேனர். ஹார்ட்வெயார் கடையில் சும்மா ‘பத்து எம்எம் நட்’ என்று கேட்டால் கொடுப்பது 1.5 புரி, 17 ஸ்பேனர். அது இரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகும். சரியாகத்தான் ஏறுகிறது என்று நினைத்து இழுத்தால் ஸ்டட்டின் புரி போய்விடும். பழைய நட் ஒன்றைக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றும் வேலை முதல்நாள் மாலையே தொடங்குகிறது. எல்லா நட்டுகளையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருநீக்கி ஒயில் விட்டு, படுக்கப்போகுமுன் இன்னொரு தடவை விடுங்கள். மண்ணெண்ணெயும் கியர் ஒயிலும் கலந்து விட்டாலும் ஓரளவு வேலை செய்யும். மறுநாள் வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். நம்ம பக்கம் சமதரை கிடைப்பதே கஷ்டம், தெரியும். என்றாலும் சாய்வில் வைத்து ஜேக் அடித்து அடியில் போகக் கூடாது. கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றமோ, கோயில் முற்றமோ கேட்டு வாங்குங்கள். முன் சில்லுகள் இரண்டுக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வையுங்கள், ஜேக் ஸ்டேண்டை செஸியின் நெடுஞ்சட்டத்துக்கு அடியில் கொடுங்கள். அடுக்கிய செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஸ்டேண்ட் ஆகாது, அவை எச்சரிக்கை இல்லாமல் பிளக்கும். பெட்டரியின் கறுப்பு வயரையும் இப்போதே கழற்றிவிடுங்கள்.

பின்னால் இருந்து முன்னால் வாருங்கள். பின் பைப்பும் சைலன்சரும் எப்படியும் குப்பைக்குத்தான், கிளாம்ப்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், கிரைண்டரால் வெட்டி இறக்குங்கள். வெட்டுமுன் பின் எக்ஸலுக்குப் போகும் பிரேக் ஹோஸ், ஹேண்ட்பிரேக் கேபிள், டீசல் பைப் மூன்றும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்து நனைத்த சாக்கால் மூடுங்கள். பொறி டீசல் டேங்க் பக்கம் பறக்காத திசையில் கிரைண்டரைத் திருப்பிப் பிடியுங்கள். ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் பக்கத்தில் இருக்கட்டும். இறக்கிய பழைய பைப்பை எறிந்துவிடாதீர்கள். அதுதான் புதுப் பைப்புக்கு அளவு. பூட்டியிருந்தபடியே தரையில் சேர்த்து வைத்து, வளைவுகளைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, ஹேங்கர் காதுகள் (ரப்பர் மாட்டும் கம்பிகள்) எங்கே இருந்தன என்று குறியுங்கள்.

கடைசியில் மெனிபோல்ட் நட்டுகள். இங்கே அவசரப்பட்டால்தான் ஒருநாள் வேலை ஒரு வாரமாகும். பன்னிரண்டு முனை சொக்கட் பாவிக்க வேண்டாம், ஆறு முனை சொக்கட்தான் துருப்பிடித்த நட்டின் மூலையைப் பிடிக்கும். முதலில் நட்டை இறுக்கும் பக்கமாக ஒரு சின்ன அசைவு கொடுங்கள். துருவின் பிடி அதில்தான் உடையும். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று, திரும்ப இறுக்கம், மறுபடி அரைச் சுற்று, இப்படி ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். வராவிட்டால் நட்டை மட்டும் காஸ் சுடரால் சிவக்கச் சுட்டு, சிவப்பு மங்கியதும் மெழுகுதிரித் துண்டை ஸ்டட்டில் தொடுங்கள், உருகிய மெழுகு புரிக்குள் இழுபடும். அதற்கும் அசையாவிட்டால் நட்டின் ஒரு முகத்தை கிரைண்டரால் மெலிதாக்கி உளியால் பிளந்துவிடுங்கள். நட் போனால் பரவாயில்லை, ஸ்டட் முறியக் கூடாது. முறிந்தே போனால், நீட்டிக்கொண்டிருக்கும் துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்டிங் நிரப்பினால் அந்தச் சூட்டிலேயே துண்டு இளகும், ஆறியதும் நட்டோடு சேர்ந்து சுற்றி வரும். மட்டமாக முறிந்ததை அடியில் படுத்துக்கொண்டு கையால் டிரில் பண்ணப் போக வேண்டாம், துளை சாய்ந்து வார்ப்பிரும்பு பாழாகும். மெனிபோல்ட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோவதே மலிவு.

பழைய கெஸ்கட்டையும், சூடு தடுக்கப் பைப்பில் சுற்றியிருப்பதையும் உலர்வாகச் சுரண்டாதீர்கள். அந்தக் காலத்துச் சாமான்களில் அஸ்பெஸ்டோஸ் இருந்திருக்கலாம். தண்ணீரால் நனைத்துச் சுரண்டி, பையில் கட்டிப் போடுங்கள். ஃபிளேஞ்ச் முகத்தில் ஒரு இரும்பு ரூலரை நிமிர்த்தி வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நடுவில் இடைவெளி தெரிந்தால் அது வளைந்துவிட்டது. அரத்தால் மட்டம் பண்ணாமல் எத்தனை கெஸ்கட் போட்டாலும் ஊதும். இரண்டு கெஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது தீர்வல்ல.

பைப்பை வளைக்க பெண்டர் மெஷின் உள்ள கடை பக்கத்தில் இல்லாவிட்டால் துண்டு துண்டாகச் சாய்வு வெட்டி ஒட்டுவார்கள். மணல் நிரப்பிச் சுட்டு வளைப்பவர்களும் உண்டு. மணல் எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். ஈர மணலை இரண்டு பக்கமும் அடைத்துச் சுட்டால் நீராவி வெடித்து அடைப்பு துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும்.

பூட்டுவது முன்னால் இருந்து பின்னால். ஆனால் எதையும் இறுக்கக் கூடாது, இதுதான் இந்த வேலையின் உயிர். முன் பைப்பைப் புதுக் கெஸ்கட்டோடு ஏற்றி நட்டுகளை விரலால் மட்டும் சுற்றுங்கள். கியர் பொக்ஸ் பிராக்கெட்டைத் தளர்வாகப் பூட்டுங்கள். நடுப் பைப், சைலன்சர், பின் பைப் எல்லாம் ரப்பரில் தொங்கட்டும். ஒவ்வொரு மூட்டிலும் முன்னால் உள்ளதன் முனை பின்னால் உள்ளதன் வாய்க்குள் போகும்படி அமைய வேண்டும், 4 செ.மீ. உள்ளே போனால் போதும். இப்போது தள்ளி நின்று பாருங்கள். எங்கும் செஸியில் இருந்து ஒரு அங்குலமாவது விலகியிருக்க வேண்டும், டீசல் பைப்புக்கும் பிரேக் பைப்புக்கும் அதைவிட அதிகம். நாலு சில்லும் இழுக்கும் வண்டியாகையால் முன் புரொபெலர் ஷாஃப்ட் சுற்றும் இடத்தையும் பாருங்கள். சைலன்சர் ரப்பர்கள் ஆறிய நிலையில் சற்று முன்பக்கம் சாய்ந்திருக்கட்டும். பைப் சூடாகிப் பின்னால் நீளும்போது அவை நேராக வந்து நிற்கும்.

அடுத்து எக்ஸல். வெறும் வண்டியில் பின் பைப் எக்ஸலுக்குமேல் நன்றாக விலகித்தான் இருக்கும். ஒரு தொன் கரட்டை ஏற்றினால் ஸ்பிரிங் பட்டை இறங்கி எக்ஸல் மேலே வரும், குழியில் விழும்போது இன்னும் வரும். செஸியை ஸ்டேண்டில் விட்டுவிட்டு, எக்ஸலுக்கு நடுவில் ஜேக் கொடுத்து, வண்டி ஸ்டேண்டில் இருந்து கிளம்பாத அளவுக்கு மட்டும் உயர்த்திப் பாருங்கள். அதன்பிறகும் ரப்பர் ஸ்டொப்பர் தொட எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து, அந்த மிச்சத்துக்கும் மேலே இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் பூட்டிய வண்டிகள்தான் கெப்பெட்டிப்பொலப் பக்கம் போகும்போது ‘டொக் டொக்’ என்று அடித்துக்கொண்டு போவது.

எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகே வெல்டிங். ஒவ்வொரு மூட்டிலும் நாலு பொட்டு மட்டும் வண்டியிலேயே வைத்து, கழற்றி இறக்கி, மேசையில் வைத்துச் சுற்றி ஒட்டுங்கள். 1.5 மி.மீ. தகட்டுக்கு 2 மி.மீ. கூறு, 40 முதல் 60 அம்பியர். கேட்டுக்குப் போடும் 3.2 கூறில் ஒட்டினால் ஒட்டுவதைவிட ஓட்டை போடுவதுதான் அதிகம். மிக் வெல்டிங் மெஷின் உள்ள கடை என்றால் இன்னும் நல்லது. நெளிவு பைப் (வளைந்து கொடுக்கும் துண்டு) ஒன்று போட்டால் என்ன என்று கேட்பீர்கள். 6 அங்குல நீளமுள்ள பின்னல் வகை, பிராக்கெட்டுக்குப் பின்னால் நேரான இடத்தில் போடலாம். வளைவில் போடக் கூடாது, அது பாரம் தாங்கவும் கூடாது. கிழிந்த எஞ்சின் மவுண்டிங்குக்கு அதை மருந்தாக நினைத்துப் போட்டால் ஆறு மாதத்தில் பின்னல் அவிழ்ந்துவிடும்.

சைலன்சரின் பின்பக்க அடியில், மிகத் தாழ்ந்த இடத்தில், 3 மி.மீ. துளை ஒன்று இருக்க வேண்டும். கம்பனிச் சாமானில் அது பெரும்பாலும் இருக்கும். பழுது என்று நினைத்து அதை அடைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது தண்ணீர் வடியும் வழி. இல்லையென்றால் துளையுங்கள். சத்தம் அதிகமாகாது, காலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும், அது உள்ளேயே கிடந்திருந்தால் என்ன செய்திருக்கும் என்று பார்த்தாகிவிட்டதே. பின் பைப் எக்ஸலைத் தாண்டியபின் முனைவரை சற்றுச் சரிந்து இறங்கட்டும். வெல்டிங் இடங்களுக்கு 600 பாகை தாங்கும் வெள்ளிப் பெயின்ட் அடியுங்கள். சாதாரணக் கறுப்புப் பெயின்ட் முதல் ஏற்றத்திலேயே எரிந்து நாறும்.

இறுக்கும் ஒழுங்கு: முதலில் மெனிபோல்ட் நட்டுகள், புரியில் செப்புக் கிரீஸ் தடவி, மூன்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக, ஃபிளேஞ்சின் இடைவெளி சுற்றிவர ஒரே அளவாக இருக்கும்படி. பிறகு எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பைப் தானாக உட்கார்ந்தபின் கியர் பொக்ஸ் பிராக்கெட், அதன்பின் மற்ற ஃபிளேஞ்சுகள், கடைசியில் கிளாம்ப். பிராக்கெட்டை முதலில் இறுக்கினால் பைப் முறுகியபடியே நிற்கும், பழைய கதைதான் திரும்பும்.

ஓடவிட்டதும் ஒயிலும் பெயின்ட்டும் எரிந்து கொஞ்ச நேரம் புகையும், பயப்பட வேண்டாம். கரும்புகை மட்டும் மாறவில்லை என்றால் சைலன்சரைக் குறை சொல்லாதீர்கள். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினுக்குக் காற்று குறைய, பம்ப் மட்டும் கீழ்நாட்டுக்கு வைத்த அளவிலேயே டீசலைக் கொடுத்தால் கறுப்பாகத்தான் தள்ளும். எயார் ஃபில்டர், இன்ஜெக்டர், பம்ப் டைமிங் அந்த வரிசையில் பாருங்கள். புகைச் சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்பதால் எப்படியும் பார்க்கத்தான் வேண்டும். அந்தப் பரிசோதனையில் எக்ஸலரேட்டரை அடிவரை மிதிப்பார்கள். 3எல் எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், பழையதென்றால் அந்த மிதியில் அறுந்துவிடலாம். அது எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் பரிசோதனைக்குப் போகுமுன் மாற்றிவிடுவது நல்லது.

ஏற்றம் ஏறி வந்த கையோடு ஓடைத் தண்ணீரை அள்ளி எஞ்சின் பக்கம் அடித்துக் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், மெனிபோல்ட் வார்ப்பிரும்பு அதில்தான் விரிசல் விடும். 100 கிலோமீற்றர் ஓடியபின், வண்டி முழுதாக ஆறிய ஒரு காலையில், மெனிபோல்ட் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். புதுக் கெஸ்கட் கொஞ்சம் அமுங்கியிருக்கும், ஒவ்வொன்றும் கொஞ்சம் வாங்கும்.